இரண்டு மேட்ச், ஒரு கப்: ஜெயித்தது யார்? எக்செல்லைக் கேட்போம்!

எக்செல் என்றாலே சம்பளக் கணக்கு, மளிகைக் கணக்கு, மார்க் ஷீட் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்த முறை கொஞ்சம் மாறுதலாக, ஒரு கால்பந்து இறுதிப் போட்டியை அதில் போட்டுப் பார்ப்போம். சும்மா விளையாட்டுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஷீட்டில் நான் செய்த ஒரு தவறால் எங்கள் ஊர் மைதானத்தில் இரண்டு ஊர்ப் பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலைமை வந்தது.

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் உள்ளது. பாறை மலையும் அதன் மேல் சிவன் கோயிலும் கொண்ட ஊர். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தாலும் பொங்கலுக்குத் தவறாமல் வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு பொங்கலில்தான் எங்கள் ஊர்ப் பையன்களும் உப்பளம் பக்கத்து ஊர்ப் பையன்களும் ஒரு கோப்பைக்காக மோதினார்கள். முதல் மேட்ச் அவர்கள் ஊரில், இரண்டாவது எங்கள் ஊரில். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி யார் அதிகமோ அவருக்குக் கோப்பை. ஸ்கோர் போர்டு நான்தான், அதாவது என் லேப்டாப்.

அந்தச் சண்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த இரண்டு மேட்ச் முறை என்னவென்று பார்த்துவிடுவோம்.

கண்டம் தழுவிய கிளப் போட்டிகளில் இறுதிப் போட்டியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு முறை சொந்த மைதானத்தில் ஆட வைப்பது நீண்ட காலம் வழக்கத்தில் இருந்தது. ஐரோப்பாவின் யூஈஎஃப்ஏ கப் 1971-ல் தொடங்கிய முதல் முறையே ஃபைனலுக்கு வந்தது இரண்டு இங்கிலாந்து அணிகள். டாட்டன்ஹாம், உல்வ்ஸை 2-1, 1-1 என்று தாண்டியது. அதாவது மொத்தம் 3-2. உள்ளூரில் வாரம் தவறாமல் முறைத்துக்கொள்ளும் இரண்டு அணிகள் ஐரோப்பாவின் கோப்பைக்கும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன.

இதில் ஒரு சிக்கல். இரண்டு ஆட்டமும் சேர்ந்து மொத்தம் சமமாகிவிட்டால்? அதற்கு 1965-ல் ஐரோப்பாவில் கொண்டுவந்ததுதான் அவே கோல் விதி. எதிராளி மைதானத்தில் அடித்த கோல் எந்த அணிக்கு அதிகமோ அது ஜெயித்ததாகக் கணக்கு.

இதற்கு நல்ல உதாரணம் 1980 யூஈஎஃப்ஏ கப். அந்த ஆண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுமே மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்தவை. ஃபைனலின் முதல் ஆட்டத்தில் போருசியா மான்சென்கிளாட்பாக் தன் மைதானத்தில் 3-2 என்று ஜெயித்தது. இரண்டாவது ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஃப்ரெட் ஷாப் 81-வது நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு 1-0. மொத்தம் 3-3. ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட் வெளியில் அடித்தது இரண்டு, கிளாட்பாக் வெளியில் அடித்தது பூஜ்யம். கோப்பை ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு.

இப்போது எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் எதுவாக இருந்தாலும் சரி. செல் எழுத்துகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஆங்கிலத்திலேயே டைப் செய்ய வேண்டும். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

முதல் வரிசையில் ஏ முதல் ஈ வரை அணி, முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், மொத்தம், அவே கோல் என்று தலைப்பு கொடுங்கள். முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடும் அணியை ஏ2-விலும் மற்ற அணியை ஏ3-யிலும் எழுதுங்கள். டி2-வில் பி2-வையும் சி2-வையும் கூட்டுங்கள். டி3-யிலும் அப்படியே.

அவே கோல் காலத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈ2-வில் ஃபார்முலா போட்டு அப்படியே கீழே இழுத்துவிடுவார்கள். அது தவறு. முதல் அணி வெளியில் ஆடுவது இரண்டாம் ஆட்டத்தில். ஆகவே ஈ2-வில் வர வேண்டியது சி2. இரண்டாம் அணி வெளியில் ஆடுவது முதல் ஆட்டத்தில். ஆகவே ஈ3-யில் வர வேண்டியது பி3. மூலைக்கு மூலை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு காட்டும் ஃபார்முலாவை ஏ5-ல் போடுவோம். இஃப்புக்குள் இஃப். டி2 பெரியதா? ஆமென்றால் ஏ2-வின் பெயர். இல்லையென்றால், டி3 பெரியதா? ஆமென்றால் ஏ3-யின் பெயர். இரண்டும் இல்லையென்றால் ஈ2, ஈ3 இரண்டையும் அதே போல ஒப்பிடுவது. அதுவும் சமம் என்றால் “கூடுதல் நேரம்”. மொத்தம் நான்கு இஃப், கடைசியில் நான்கு அடைப்புக்குறி. 1980 எண்களைப் போட்டுப் பாருங்கள், ஃப்ராங்க்ஃபர்ட் பெயர் வரும்.

கல்லூரி நாட்களில் நான் எழுதி வைத்திருந்த ஷீட் இவ்வளவுதான். இது சரியாக வேலை செய்கிறது என்றே பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை 2018-ல் ஆட்டம் கண்டது. தென் அமெரிக்காவின் கோபா லிபர்டடோரஸ் ஃபைனலுக்கு முதன்முறையாக போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் வந்திருந்தன. இரண்டுமே புவெனஸ் அயர்ஸ் நகரத்து அணிகள். ஒரே தெருவில் ஒரு வீடு போகா, எதிர் வீடு ரிவர் என்று இருக்கும் ஊர். நவம்பர் 10 அன்று நடக்க வேண்டிய முதல் ஆட்டம் கனமழையால் ஒரு நாள் தள்ளி நடந்தது. வெளி அணி ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. முடிவு 2-2.

ரிவர் போகாவின் மைதானத்தில் இரண்டு கோல் அடித்துவிட்டது, ஆகவே ரிவருக்கு லாபம் என்று என் ஷீட் சொன்னது. நானும் ஹாஸ்டலில் அதையே அடித்துச் சொன்னேன். தப்பு! அந்தப் போட்டியில் அவே கோல் விதி ஃபைனலுக்குக் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ரிவர் ஃபைனலுக்கு வந்ததே அந்த விதியால்தான். அரையிறுதியில் கிரேமியோவிடம் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்று, பிரேசிலுக்குப் போய் 2-1 என்று ஜெயித்து, மொத்தம் 2-2 ஆகி, அவே கோலில் நுழைந்தது. ஒரே போட்டி, ஒரே அணி, ஒரு சுற்றில் விதி உண்டு, அடுத்த சுற்றில் இல்லை.

மற்றதைப் பலர் படித்திருப்பீர்கள். நவம்பர் 24 அன்று ரிவரின் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த போகாவின் பஸ் மீது தாக்குதல் நடந்தது. கேப்டன் பாப்லோ பெரஸ் கண்ணில் காயம்பட்டார். ஆட்டம் தள்ளிப்போய், கடைசியில் டிசம்பர் 9 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், பெர்னபேயு மைதானத்தில் நடந்தது. ஸ்பெயினிடமிருந்து தென் அமெரிக்காவை விடுவித்த வீரர்களின் பெயரால் நடக்கும் கோப்பைக்கு ஸ்பெயினிலேயே ஃபைனல். ரிவர் தன் சொந்த மைதான ஆட்டத்தைச் சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆடியது. இதை நியாயம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தாக்கியவர்கள் சிலர், மைதானத்தை இழந்தது டிக்கெட் வாங்கிக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள்.

(நம்மூருக்கும் இப்படி ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, சென்னையின் எஃப்சி தன் ஐஎஸ்எல் அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, கொல்கத்தாவில் 1-2 என்று தோற்று, 4-2 கணக்கில் ஃபைனலுக்குப் போய்க் கோப்பையும் வாங்கியது.)

மாட்ரிட் ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கியது. அப்போது நான் ஊரில் இருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் ஒற்றைக் கோடுதான். மொட்டை மாடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்கோர் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தேன். 90 நிமிடத்தில் 1-1. மொத்தம் 3-3. என் ஷீட்டுக்கு அத்துடன் ஆட்டம் முடிந்தது, ரிவர் சாம்பியன். உண்மையில் ஆட்டம் தொடர்ந்தது. கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் போகாவின் பாரியோஸ் சிவப்பு அட்டை வாங்கினார். 109-வது நிமிடத்தில் கின்டேரோவின் கோல். கடைசியில் எல்லாரும் முன்னால் போய்விட, காலியாகக் கிடந்த கோலுக்குள் மார்ட்டினெஸ் பந்தைத் தள்ளினார். 3-1, மொத்தம் 5-3. ஜெயித்தது என்னவோ ரிவர்தான். ஆனால் அந்த அரை மணி நேர ஆட்டம் முழுவதும் என் ஃபார்முலாவில் கிடையாது.

விடை சரியாக வந்துவிட்டதால் நான் ஷீட்டைத் திருத்தவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோம்பல் தெரிந்திருக்கும்.

இனி எங்கள் ஊர் மேட்சுக்கு வருவோம். உப்பளத்து ஊரில் நாங்கள் 2-1. எங்கள் ஊரில் அவர்கள் 1-0. மொத்தம் 2-2. லேப்டாப்பில் எங்கள் ஊர்ப் பெயர் வந்துவிட்டது! மைக்கில் அறிவித்தும் விட்டார்கள். மேளம் அடிக்கத் தொடங்கிய நேரத்தில் அவர்களுடைய கேப்டன், பன்னிரண்டாம் வகுப்புப் பையன், என்னிடம் வந்தான்.

“ண்ணா, வெளிய அடிச்ச கோலுக்கு மதிப்பு ஜாஸ்தின்னு எப்பண்ணா சொன்னீங்க?”

கையில் நோட்டீஸ் வைத்திருந்தான். அதில் “மொத்த கோல், சமமானால் பெனால்டி” என்று மட்டும்தான் இருந்தது. அச்சடிக்கும் முன் அதைப் படித்துப் பார்த்தவனும் நான்தான். அதற்குள் இரண்டு பக்கமும் கைகலப்புக்குத் தயாராகிவிட்டார்கள். மைக்கை வாங்கி, தவறு என் கம்ப்யூட்டரில் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் இல்லை, என்னிடம் என்று சொல்லியிருக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் பெனால்டி உதைத்தார்கள். 4-3 என்று அவர்கள் கோப்பையை வாங்கிப் போனார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் மாட்டுப் பொங்கல் முடியும் வரை என்னோடு பேசவில்லை.

அன்று இரவே திருத்திய ஷீட் இது. ஜி1-ல் “அவே விதி உண்டா?” என்று எழுதி, எச்1-ல் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0 போடுங்கள். டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய் லிஸ்ட்டில் இந்த இரண்டை மட்டும் அனுமதித்தால் கை தவறி வேறு எதுவும் வராது. மொத்தக் கோல்களை ஒப்பிட்ட பிறகு, அவே கோலுக்குப் போகும் முன், “எச்1 பூஜ்யமா?” என்று ஒரு இஃப் சேருங்கள். ஆமென்றால் அங்கேயே “கூடுதல் நேரம்”, அல்லது உங்கள் நோட்டீஸில் உள்ளபடி “பெனால்டி”.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. இரண்டாம் ஆட்டம் நடக்கும் முன்பே ஷீட் சாம்பியனை அறிவித்துவிடும். காலி செல்லை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஃபார்முலாவின் தொடக்கத்தில் கவுன்ட் ஃபங்ஷனால் பி2 முதல் சி3 வரை எண்ணி, நான்குக்குக் குறைவாக இருந்தால் “இன்னும் ஆட்டம் பாக்கி” என்று காட்டச் சொல்லுங்கள். இப்போது மொத்தம் ஆறு இஃப், ஆறு அடைப்புக்குறி.

2018 அரையிறுதிக்கு எச்1-ல் 1 போட்டுப் பாருங்கள். ஃபைனலுக்கு, 90 நிமிடக் கணக்கோடு, 0 போட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக வரும். ஐரோப்பாவில் 2021-ல் அவே கோல் விதியையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு இறுதியில் தென் அமெரிக்காவும் எடுத்துவிட்டது. லிபர்டடோரஸ் ஃபைனலும் 2019 முதல் பொது மைதானத்தில் ஒரே ஆட்டம்தான். எனவே ஐரோப்பா, தென் அமெரிக்கக் கிளப் போட்டிகளுக்கு எச்1-ல் இனி பூஜ்யம்தான். அவற்றின் பழைய ஸ்கோர்களைச் சரிபார்க்க மட்டும் 1 தேவைப்படும்.

உப்பளத்து ஊர்க் கேப்டன் அடுத்த பொங்கலுக்கு முன்பே போன் செய்து ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “பெனால்டிக்கு ஒரு காலம் இல்லியேண்ணா?”