பழைய கைபேசி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்குக் கைபேசி இன்று இன்றியமையாத பொருளாகிவிட்டது. ஊரிலிருக்கும் பெற்றோரின் குரல் அதன் வழியே வருகிறது. மாதந்தோறும் வீட்டிற்கு அனுப்பும் பணம் அதன் வழியே செல்கிறது. இரயில் பயணச் சீட்டும், ஆதார் அட்டையின் நகலும், குழந்தைகளின் புகைப்படங்களும் அதிலேயே தங்கியிருக்கின்றன. அத்தகைய கருவி கீழே விழுந்து திரை வெடித்தாலும், பாட்டரி அரை நாள்கூடத் தாங்காமற் போனாலும் மனம் கலங்குவது இயல்பேயாகும். அக்கலக்கத்தில் சிலர் அன்று மாலையே கடைக்குச் சென்று தவணை முறையில் புதியதொன்றை வாங்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, பலமுறை பழுது பார்த்த கருவியையே மீண்டும் பழுது பார்க்கக் கொடுத்து வருகின்றனர். முன்னவர் தேவையற்ற கடனையும், பின்னவர் பயனற்ற செலவையும் ஏற்க நேரிடலாம்.

இவ்விரண்டிலிருந்தும் தப்புவதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் போதும். கெட்டுப்போனது எந்தப் பாகம்? தயாரித்த நிறுவனம் அக்கருவிக்கு இன்னும் எத்தனை காலம் பாதுகாப்பு வழங்கும்? நாம் செலவிடும் தொகைக்கு எத்தனை மாத உழைப்புக் கிடைக்கும்? இவற்றை முறையாக ஆராய்வோம்.

கைபேசியில் தேய்வதற்கென்றே அமைந்த பாகம் பாட்டரியாகும். அதிலுள்ள லித்தியம் அயனிகள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புகின்றன. இவ்வாறு சில நூறு சுற்றுகள் முடிந்தபின், புதிதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவிகிதமே எஞ்சி நிற்கும். நாள்தோறும் பயன்படுத்துவோர்க்கு இது இரண்டு, மூன்று ஆண்டுகளில் நேர்ந்துவிடுகிறது. சைக்கிளின் டயர் தேய்ந்ததென்று சைக்கிளையே எவரும் தள்ளிவிடுவதில்லை. பாட்டரி தளர்ந்ததென்று கைபேசியைத் தள்ளுவதும் அதைப் போன்றதே. 

வேகம் குறைவதற்கும் பாட்டரி காரணமாக இருக்கலாம் என்பதை உலகம் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அறிந்தது. தேய்ந்த பாட்டரியுள்ள ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்கும் பொருட்டு அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் அப்போது ஒப்புக்கொண்டது. கண்டனங்கள் எழவே, 2018ஆம் ஆண்டில் பாட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. கருவியே கிழமாகிவிட்டதென்று எண்ணியவர்கள், பாட்டரியை மட்டும் மாற்றி இழந்த வேகத்தைத் திரும்பப் பெற முடிந்தது.

ஆனால் பாட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றால், அது செலவுக் கணக்குப் பார்க்கும் வேளையன்று. அதனை மேற்கொண்டு சார்ஜில் போடாமலும், அழுத்தாமலும், குத்தாமலும், அணைத்து வைத்து விரைவில் சர்வீஸ் சென்டரில் சேர்ப்பிக்க வேண்டும். அது தீப்பற்றக் கூடியது.

வேறு சில குறைகள் பழுதுகளே அல்ல. சார்ஜ் ஏறவில்லையெனில், சார்ஜர் செருகும் துளையில் சட்டைப்பையின் பஞ்சு அடைந்திருக்கக் கூடும். கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரக் குச்சியால் மெல்ல நீக்கினால் போதும். வேகம் குறைந்ததெனில், நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் இடத்தை நிரப்பியிருக்கக் கூடும். அவற்றை அழித்துப் பார்த்த பின்னரே கடைக்குப் புறப்படுவது நலம்.

அடுத்து, திரை. இக்காலக் கருவிகள் பலவற்றில் மேற்கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுவதையும் மாற்ற வேண்டியதாகிறது. அதனாற்றான் செலவு மிகுகிறது. படம் தெளிவாகத் தெரிந்து, தொடுகையும் சரியாக இயங்கினால், மேலே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டிச் சில மாதங்கள் ஓட்டலாம். விரிசல் வழியே நீர் புகாமற் காப்பது மட்டும் அவசியம்.

யாவற்றினும் ஐயத்திற்குரியது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. நீர் புகுந்த கருவி அன்றைக்கு இயங்கினாலும், நீரிலிருந்த உப்புகள் உலோக இணைப்புகளைப் பல நாட்கள் அரித்துக்கொண்டேயிருக்கும். நனைந்த கருவியை அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் பயன் தராது. துகள்கள் உள்ளே புகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024ஆம் ஆண்டில் எச்சரித்தது. உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்துவதே முறை. தாய்ப்பலகை பழுதாயிற்றெனில், உள்ளிருக்கும் படங்களையும் எண்களையும் மீட்கும் அளவிற்கு மட்டும் செலவு செய்து, கருவியை மாற்றிவிடுவதே பெரும்பாலும் தக்கதாகும்.

இனி, இரண்டாவது கேள்வி. கண்ணுக்குத் தெரியும் உடைசலைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிவு இதில் உண்டு. கைபேசி மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்காக நிறுவனங்கள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அனுப்புகின்றன. ஒரு குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அவை நின்றுவிடும். கருவி ஓடும், ஆனால் வங்கிக் கணக்கின் வாயிற் கதவுக்குத் தாழ்ப்பாள் இராது.

இக்காலம் கருவிக்குக் கருவி வேறுபடும். 2023ஆம் ஆண்டு வெளிவந்த பிக்சல் 8 கருவிக்குக் கூகுளும், 2024ஆம் ஆண்டு வெளிவந்த கேலக்ஸி எஸ் 24 கருவிக்குச் சாம்சங்கும் ஏழாண்டுப் புதுப்பிப்புகளை வாக்களித்தன. விலை குறைந்த கருவிகள் பலவற்றிற்கு இதனினும் குறைந்த காலமே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கருவியில் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்த தேதியைப் பாருங்கள். அது ஓராண்டிற்கும் முற்பட்டதாயிருந்து, நிறுவனமும் கைவிட்டுவிட்டதெனில், அக்கருவியில் பெருந்தொகை செலவிடுவது வீண். வங்கிச் செயலிகளை நீக்கிவிட்டு, வானொலி கேட்கவும் பாட்டுக் கேட்கவும் அதனை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்விக்குச் சிறு கணக்கொன்று துணை செய்யும். எடுத்துக்காட்டாக, நல்ல நிலையிலுள்ள கருவிக்குப் பாட்டரியும் சில்லறைப் பழுதுகளும் சேர்த்து ரூ. 3,000 ஆகிறதென்றும், அதன்பின் அது 18 மாதங்கள் உழைக்குமென்றும் கொள்வோம். மாதத்திற்கு ஏறக்குறைய ரூ. 167 ஆகிறது. புதிய கருவியை ரூ. 15,000 கொடுத்து வாங்கி நான்காண்டுகள் பயன்படுத்தினால், மாதத்திற்கு ரூ. 313 ஆகிறது. இங்குப் பழுது பார்ப்பதே சிக்கனம். வேறொரு கருவிக்கு டிஸ்ப்ளே மாற்ற ரூ. 5,500 கேட்கிறார்கள், அதற்குரிய பாதுகாப்புப் புதுப்பிப்போ இன்னும் எட்டு மாதங்களில் நின்றுவிடும். மாதச் செலவு ரூ. 688 ஆகிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்கே பொருந்தும். தவணையில் வாங்குவோர், வட்டியில்லை என்ற சொல்லை மட்டும் நம்பாமல், நடைமுறைக் கட்டணத்தையும் ரொக்கத்திற்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுக.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவதும் ஒரு வழியே. எனினும் அது களவுப் பொருளா என அறிதல் கடமை. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என அழுத்தினால் கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணைச் சரிபார்க்கலாம். தடை செய்யப்பட்ட எண் என்றோ, போலி என்றோ விடை வந்தால் அக்கருவியைத் தொடாதீர்கள்.

பழுது பார்ப்பதென்று முடிவு செய்தபின், எங்கே கொடுப்பது? உத்தரவாதக் காலம் முடியாத கருவியை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுக்க வேண்டும். ஆயினும், விழுந்து உடைந்ததற்கும் நீரில் நனைந்ததற்கும் சாதாரண உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது. காலம் முடிந்தவற்றிற்குத் தில்லியின் கரோல் பாக் கஃபார் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் ரோடு போன்ற கடைவீதிகள் உள்ளன. அங்கே கைதேர்ந்தவர்களும் உண்டு, ஏமாற்றுவோரும் உண்டு. போடப்போகும் பாகம் நிறுவனத்தினுடையதா, பிறர் செய்த காப்பியா, பழைய கருவியிலிருந்து கழற்றியதா என்பதை முதலிலேயே கேட்டு, விலையையும் எத்தனை மாதப் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குக. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ரசீது என்னும் சொல் இந்திக்கும் தமிழுக்கும் பொதுவானது. அவ்வொரு சொல்லை உறுதியுடன் கேட்டாலே பேச்சின் போக்கு மாறும். வழக்கு ஏதேனும் நேர்ந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே முறையிடும் வசதி அதில் உண்டு.

கருவியைக் கொடுக்குமுன் படங்களுக்கும் எண்களுக்கும் நகல் எடுத்துவிட்டு, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்க. திறக்கும் எண்ணை எழுதிக் கொடுத்தல் கூடாது. புதிய கருவிகள் சிலவற்றில், சொந்தத் தகவல்களை மறைத்துப் பழுது பார்ப்பதற்கு மட்டும் இடந்தரும் தனி அமைப்பு உள்ளது. இருக்குமாயின் அதனைப் பயன்படுத்துக.

மாற்றுவதென்று முடிவு செய்தோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவரில் பலருடைய வங்கிக் கணக்கு, ஊரில் வாங்கிய பழைய எண்ணோடு இணைந்திருக்கிறது. அந்தச் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி சென்றால்தான் யு.பி.ஐ. புதிய கருவியில் பதிவாகும். ஆகவே அவ்வெண்ணுக்கு ரீசார்ஜ் தவறாமல் செய்து உயிரோடு வைத்திருத்தல் வேண்டும். வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் புதியதில் முழுமையாக இயங்கிய பின்னரே பழையதை அழிக்கலாம்.

பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி அரசுகளும் இப்போது சிந்திக்கத் தொடங்கியிருக்கின்றன. நம் நாட்டின் நுகர்வோர் நலத் துறை 2022ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று இதற்கெனத் தளமொன்றைத் தொடங்கியது. எந்தக் கருவி எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத் தக்கது என்பதைக் குறிக்கும் குறியீட்டைப் பற்றி ஆராய 2024இல் ஒரு குழுவையும் அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்பனை நின்றபின்னும் ஏழாண்டுகள் முக்கிய உதிரிப் பாகங்களை வழங்க வேண்டும் என்னும் விதி 2025ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த கைபேசியை வாங்கும்போது விலையோடு இவ்விரண்டையும் கேளுங்கள்: பாகம் எளிதில் கிடைக்குமா? புதுப்பிப்பு எத்தனை ஆண்டு?

உழைத்து ஓய்ந்த கருவியைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடலாகாது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் கால்பங்கிற்கும் குறைவானதே முறைப்படி சேகரிக்கப்பட்டதாகவும் ஐ.நா. சார்ந்த அறிக்கை கூறுகிறது. தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் ஏழைத் தொழிலாளர் வெறுங்கையால் இவற்றை உடைத்தும் எரித்தும் உலோகம் எடுக்கின்றனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, கழிவுக் கருவிகள் முறையாக மறுசுழற்சி பெறுவதற்குத் தயாரிப்பு நிறுவனங்களே பொறுப்பு. ஆகவே, தகவல்களை முற்றிலும் அழித்துவிட்டு, அவர்களுடைய சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே நன்று.

முடிவு எதுவாயினும், கருவி கையில் இயங்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. இன்றிரவே படங்களுக்கும் எண்களுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பெற்றோரின் எண்ணையும் வங்கியின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். உடைந்த திரையை எந்தக் கடையிலும் மாற்றிவிடலாம். நகலில்லாமல் இழந்த படத்தை எந்தக் கடைக்காரரும் தர இயலாது.