கேள்வி கேட்டால்தான் கணக்கு வரும்
ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம் வணிகர்களுக்குச் சொல்லும் பாடம்

கல்லாவை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஐந்தாண்டு கழித்து வந்து கணக்குப் பார்க்கிற வணிகர் எவரும் இல்லை. அன்றன்று கடை கட்டும்போதே வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு எங்கே என்று கேட்டு விடுகிறோம். கேட்பது சந்தேகத்தினால் அல்ல. கேட்பார் உண்டு என்று தெரிந்தால்தான் எழுதுகிற கை ஒழுங்காக எழுதும். ஆட்சிக்கும் இதே விதிதான். வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இடைப்பட்ட காலத்தில் மக்கள் சார்பில் கணக்குக் கேட்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின் வேலை. அந்த வேலைக்கு அவர் கையில் உள்ள முதல் கருவி கேள்வி.

பெரிய அரசிடமிருந்து சில அதிகாரங்களைப் பிரித்து வாங்கி நடத்தப்படும் ஆட்சிகளில் இக்கருவி எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல உதாரணம். அங்கு நடந்த விவகாரம் ஒன்று மளிகைக் கடைக்காரர்களை நேரடியாகத் தொட்டது என்பதால், நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தியும் இதில் உண்டு.

புதிய மன்றம், பழைய முறை

1997 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் தங்களுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அம்மன்றத்திற்கு 1999 மே 6 அன்று முதல் தேர்தல் நடந்தது; ஜூலை 1 அன்று அதிகாரங்கள் கைமாறின. மொத்தம் 129 உறுப்பினர்கள். கல்வி, மருத்துவம், காவல்துறை, சுற்றுச்சூழல், கடைகளுக்கான சொத்துவரி போன்றவை எடின்பரோவுக்கு வந்தன. ராணுவம், வெளியுறவு, நாணயம், நமது ஜி.எஸ்.டி. போன்ற விற்பனைமீதான 'வாட்' வரி ஆகியவை லண்டனிடமே இருந்து விட்டன.

கேள்வி கேட்கும் முறையை லண்டன் மன்றத்திலிருந்து எடுத்து, சில மாற்றங்களோடு அமைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்கு முதல் அமைச்சர் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர்கள் முதலில் கேட்பார்கள். பிறகு மற்ற உறுப்பினர்கள். அதற்குச் சற்று முன்பு பொதுக் கேள்விகள் நடக்கும். துறை அமைச்சர்களுக்குத் தனி நேரம் உண்டு. அதில் கேட்கப் போகிறவர்களைக் குலுக்கல் போலக் கணினி தேர்ந்தெடுக்கும். அன்றைய சூடான பிரச்சினைக்கும் அவசர விஷயத்திற்கும் வேறு வாய்ப்புகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் விட அதிகம் வேலை செய்வது, வெளியே அதிகம் தெரியாத எழுத்து மூலக் கேள்வி. உறுப்பினர் எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 10 வேலை நாட்களுக்குள் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். மன்ற விடுமுறைக் காலத்தில் 20 நாள். கேள்விக்கு ஓர் எண், பதிலுக்கு ஒரு தேதி, இரண்டும் எல்லாரும் பார்க்கும்படி பதிவாகும். நம் மக்களவையின் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்ற பிரிவை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

துணைக் கேள்வியில்தான் சூட்சுமம்

முதல் கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை அமைச்சர் படித்துவிடலாம். அடுத்து வரும் துணைக் கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியாது. கோப்பைப் படித்த அமைச்சர் யார், படிக்காதவர் யார் என்பது அங்கே தெரிந்து விடும்.

2001இல் இது ஒரு முதல் அமைச்சரின் பதவியையே கொண்டு போயிற்று. ஹென்றி மெக்லீஷ் லண்டன் மன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, அரசுச் செலவில் நடந்த தம் தொகுதி அலுவலகத்தின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வாடகை உரிய இடத்தில் வரவு வைக்கப்படவில்லை. கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் மெக்லெட்ச்சி வாரா வாரம் விடாமல் கேட்டார். சொன்ன பதில்கள் போதாமல் போயின. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று மெக்லீஷ் விலகினார். தொகை ஓர் அரசாங்கத்தின் கணக்கில் சிறியதுதான். முழுக் கணக்கையும் முதலிலேயே வைக்காததுதான் பெரிதாகிப் போனது. கதை அதோடு முடியவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2005இல், கணக்குக் கேட்ட மெக்லெட்ச்சியே வாடகைக் கார் செலவு பற்றிய கேள்விகளால் தலைவர் பதவியை விட நேர்ந்தது. கேட்கிறவரும் தம் பேரேட்டைச் சரியாக வைத்திருக்க வேண்டும்.

காலி பாட்டில் கணக்கு

இனி நம் தொழிலைத் தொட்ட விவகாரத்திற்கு வருவோம். காலி பாட்டிலும் கிரேட்டும் டெபாசிட்டும் நமக்குப் பழகிய சங்கதி. நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் 2022இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்ததையும் அறிவோம். ஸ்காட்லாந்து அரசு அதை நாடு முழுவதற்கும், மது மட்டுமின்றி எல்லாக் குளிர்பானங்களுக்கும் கொண்டுவரத் தீர்மானித்தது. பிளாஸ்டிக், கண்ணாடி, அலுமினியம், இரும்பு எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் 20 பென்ஸ் டெபாசிட். 2020இல் விதிகள் நிறைவேறின. பானம் விற்கும் கடை, விலக்குப் பெற்றாலொழிய, காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை.

நோக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. தெருமுனைக் கடைக்காரர் கேட்டது வேறு. அங்கே அத்தகைய கடைகளில் பலவற்றை இந்திய, பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்களே நடத்துகின்றன. நிற்கவே இடமில்லாத கடையில் காலிப் பாட்டிலை எங்கே அடுக்குவது? இயந்திரம் வைத்தால் வாடகை யார் தருவது? எடுத்துப் போகும் வண்டி வராவிட்டால் என்ன செய்வது? கடைக்காரர் தாமே மன்றத்தில் எழுந்து கேட்க முடியாது. வணிகர் அமைப்புகள் இவற்றை உறுப்பினர்களிடம் கொண்டு சென்றன. அங்கிருந்து அவை அமைச்சர் லோர்னா ஸ்லேட்டரின் மேசைக்குப் போயின.

திட்டம் தொடங்கும் நாள் முதலில் 2021 ஏப்ரல் என்றார்கள். பிறகு 2022 ஜூலை. அதன்பின் 2023 ஆகஸ்ட் 16. ஒவ்வொரு தேதியும் மன்றப் பதிவில் இருந்ததால், இந்தத் தடவையாவது உறுதியா என்ற கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்தது. திட்டத்தை நடத்த அமைந்த 'சர்க்குலாரிட்டி ஸ்காட்லாந்து' தனியார் நிறுவனம். அதன் உள்விவரங்களை உறுப்பினர்கள் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அதை ஏற்ற அமைச்சரைக் கேட்கலாம், கேட்டார்கள். 2023 தொடக்கத்தில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த மூத்த உறுப்பினர் பெர்கஸ் யூயிங்கே எழுந்து, திட்டத்தை நிறுத்துங்கள் என்று சொந்தக் கட்சி முதல் அமைச்சரிடம் வற்புறுத்தினார். எதிர்க்கட்சி கேட்டால் அரசியல் என்று தள்ளிவிடலாம். சொந்தக் கட்சிக்காரர் கேட்டால் அப்படித் தள்ள முடியாது.

அந்த ஏப்ரலில் புதிய முதல் அமைச்சர் ஹம்சா யூசுப் தேதியை 2024 மார்ச்சுக்குத் தள்ளினார். 100 மில்லிக்குக் குறைந்த சிறு பாட்டில்களுக்கும் மிகக் குறைவாக விற்கும் சரக்குகளுக்கும் விலக்குகள் அறிவிக்கப்பட்டன. அடுத்த மாதம் லண்டன் அரசு, கண்ணாடியைச் சேர்க்காவிட்டால்தான் அனுமதி என்று சொல்லி விட்டது. 2020இல் வந்த உள்நாட்டுச் சந்தைச் சட்டப்படி அந்த அனுமதி தேவைப்பட்டது. ஜூனில், 2025 அக்டோபருக்கு முன் திட்டம் இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில் நடத்துநர் நிறுவனமும் சரிந்தது. அதற்கு அரசின் முதலீட்டு வங்கி கொடுத்திருந்த 9 மில்லியன் பவுண்டு என்னாயிற்று என்பது அடுத்த கேள்வியாயிற்று. அமைச்சர்மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. தம் அரசுக்கு எதிராக வாக்களித்த யூயிங்கைக் கட்சி ஒரு வாரம் இடைநீக்கம் செய்தது.

இதில் கேள்வி செய்தது என்ன, செய்ய முடியாதது என்ன என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. கடைக்காரரின் இடர்ப்பாடுகளை அரசு கேட்காததுபோல இருக்க முடியவில்லை. சொன்ன தேதியும் மாறிய தேதியும் பதிவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இவை கேள்வியின் பலன். ஆனால் முன்கூட்டியே இயந்திரத்துக்கு ஒப்பந்தம் போட்டவர்களும் இடத்தை ஒதுக்கி வைத்தவர்களும் செலவோடு நின்றார்கள். போன பணத்தைக் கேள்வி திருப்பித் தராது.

நழுவும் வழிகள்

கேள்வி நேரத்தைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து, அரசின் சாதனையை விளக்க முடியுமா என்று கேட்பது அங்கும் உண்டு. அது கேள்வியல்ல, மாலை மரியாதை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முந்தைய ஆட்சியைத் திட்டுவதும் உண்டு.

அதிகாரம் பகிர்ந்த ஆட்சிக்கே உரிய நழுவல் ஒன்று இருக்கிறது: 'அது எங்கள் கையில் இல்லை, லண்டனைக் கேளுங்கள்' என்பது. பாட்டில் விவகாரத்தில் எடின்பரோ லண்டனைக் கைகாட்டியது. லண்டன் எடின்பரோவைக் கைகாட்டியது. இடையில் நின்றவர் கடைக்காரர். ஆகவே கேள்வி எழுதுகிறவர் முதலில் எது யாருடைய அதிகாரம் என்று அறிந்திருக்க வேண்டும். 'வாட்' வரியைப் பற்றி ஸ்காட்லாந்து அமைச்சரைக் கேட்டால் ஒரே வரியில் கையைக் கழுவி விடுவார். கடைச் சொத்துவரி பற்றிக் கேட்டால் அப்படித் தப்ப முடியாது. 2023-24இல் இங்கிலாந்துக் கடைகளுக்கு 75 சதவீதச் சலுகை கிடைத்தபோது, எங்களுக்கு ஏன் அதே சலுகை இல்லை என்ற கேள்விக்கு எடின்பரோதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பொய்ப் பதிலுக்கும் ஒரு தடை உண்டு. மன்றத்தைத் தெரிந்தே தவறாக வழிநடத்திய அமைச்சர் விலக வேண்டும் என்று எதிர்பார்ப்பதாக அமைச்சர்களுக்கான நடத்தை விதியே சொல்கிறது. எனவே பதில் மழுப்பலாக வரலாம். துணிந்த பொய்யாக வருவது கடினம். மழுப்பலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி போடுவதுதான் உறுப்பினரின் திறமை.

கேள்வி இல்லாத நாட்கள்

பக்கத்தில் வட அயர்லாந்தைப் பார்த்தால் கேள்வியின் அருமை இன்னும் விளங்கும். அங்கே 2012இல், மரக்கட்டை போன்ற எரிபொருளில் இயங்கும் கொதிகலன்களுக்கு மானியம் வந்தது. எரிபொருள் விலையை விட மானியம் அதிகம். இங்கிலாந்துத் திட்டத்தில் இருந்த உச்சவரம்பை விட்டுவிட்டார்கள். எரிக்க எரிக்க லாபம் என்றால் யார்தான் அணைப்பார்? 'உச்சவரம்பு எங்கே?' என்ற கேள்வி மன்றத்தில் உரிய நேரத்தில் வலுவாக எழவில்லை. விவகாரம் வெடித்து 2017 ஜனவரியில் அரசே கவிழ்ந்தது. அதன்பின் 2020 ஜனவரி வரை அமைச்சர்கள் இல்லை. 2022 பிப்ரவரியில் மீண்டும் ஆட்சி முறிந்து, 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. முதல் மூன்றாண்டுகளில் துறைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். அலுவலகங்கள் திறந்திருந்தன; மன்றத்தில் எழுந்து பதில் சொல்லத்தான் அமைச்சர் இல்லை.

வணிகர் செய்யக்கூடியது

ஸ்காட்லாந்தில் கடை ஊழியர்களைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2021இல் நிறைவேறியது. கொண்டுவந்தவர் அரசு அல்ல. எதிர்க்கட்சி உறுப்பினர் டேனியல் ஜான்சன். கடைக்காரர்களும் ஊழியர் சங்கமும் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்ன குறை அது. ஜனவரியில் எதிர்ப்பே இன்றி நிறைவேறி, ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் புத்தகத்தில் தூங்கும்.

நம் கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. அந்தக் குறை தேதியும் தொகையும் உத்தரவு எண்ணும் கொண்ட ஒரு தாளாகி, உறுப்பினர் கைக்குப் போய், அவையில் கேள்வியாக எழுந்தால்தான் அதற்குப் பதில் சொல்லும் கடமை ஒருவருக்கு வரும். 'வியாபாரம் படுத்துவிட்டது' என்பதற்குப் பதில் தேவையில்லை. 'இன்ன உத்தரவால் இத்தனை கடைக்கு இவ்வளவு செலவு. இதை யார் ஏற்பது?' என்பதற்குப் பதில் தேவை. அத்தகைய விவரங்களைத் திரட்டித் தருவது சங்கத்தின் பணி. அந்த விவரங்களை ஒளிக்காமல் சங்கத்துக்குக் கொடுப்பது உறுப்பினர் ஒவ்வொருவரின் பணி.