அனுப்பியவர் யார்? (தொடர் – 7)

மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ என்னும் இடத்தில் காணப்படும் பெயர் எவ்விதப் பிரமாணமும் அன்று. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சலைக் கொண்டுசேர்ப்பதற்கான எஸ்.எம்.டி.பி. விதிகள், ஆராய்ச்சியாளர் சிலரே புழங்கிய சிறு வலைக்கென வகுக்கப்பட்டவையாதலால், அனுப்புகிறவர் கூறும் விலாசத்தை மறுபேச்சின்றி ஏற்கும் விசுவாசமே அவற்றின் அஸ்திவாரமாக இருந்தது. வஞ்சகர் அந்த விசுவாசத்தையே தமக்கு மூலதனமாக்கிக்கொண்டனர்.

இக்குறையை நீக்க முதலில் வந்த எஸ்.பி.எஃப். என்பது, இன்ன டொமைனின் (விலாசத்தில் @ குறிக்குப் பின்வரும் பகுதியின்) பெயரால் அஞ்சல் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கே அதிகாரம் உண்டென்று அதன் உடைமையாளர் டி.என்.எஸ். என்னும் இணையப் பெயரேட்டுப் பதிவில் பகிரங்கமாக எழுதிவைக்கும் ஏற்பாடு. ஆனால் அது சோதிப்பது தபால் உறைமேல் உள்ள விலாசத்தை. வாசிப்பவர் கண்ணில் படுவதோ உள்ளிருக்கும் கடிதத்தின் தலைப்பு! அன்றியும், வந்த அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால், நேர்மையான அஞ்சலும் இச்சோதனையில் தோற்றுப்போகக் கூடும். டி.கே.ஐ.எம். வேறு வழி சென்றது: அனுப்பும் சர்வர் தன் இரகசியச் சாவியால் இடும் ஒப்பத்தை, பெறும் சர்வர் டி.என்.எஸ்.-இல் உள்ள பொதுச் சாவியால் பரிசோதிக்கிறது. இவ்விரண்டில் ஒன்றேனும் தேறி, தேறிய டொமைன் தலைப்பில் தெரியும் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்று, 2015-இல் ஆர்.எஃப்.சி. 7489 என்னும் இணைய ஆவணமாக வெளியான டிமார்க் நிபந்தனை விதித்தது. தோற்ற அஞ்சலை விட்டுவிடுவதா, ஸ்பேம் பெட்டியில் தள்ளுவதா, வாசலிலேயே நிராகரிப்பதா என்பதை டொமைன் உடையவரே அறிவித்துவைக்கலாம். நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்குமேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கைக்கொள்ள வேண்டுமென 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயப்படுத்தியது.

ஆயினும், இச்சோதனைகள் அஞ்சல் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை நிச்சயிக்குமேயன்றி, அனுப்பியவர் யோக்கியர் என்று நிச்சயிக்க மாட்டா. வங்கியின் பெயரில் ஓரெழுத்தைப் பிறழ்த்திப் புது டொமைன் வாங்கி, மூன்றையும் சாஸ்திரோக்தமாக அமைத்துக்கொண்ட மோசக்காரனுக்கு இவற்றால் தடையில்லை. இவ்விடத்தில்தான் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்த ‘பேங்க்.இன்’ ஏற்பாட்டின் மகத்துவம் விளங்குகிறது. ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் ஒரே பதிவாளரிடம், வங்கிகள் மாத்திரமே பெறக்கூடிய அந்த டொமைனுக்கு, எல்லா வங்கிகளும் அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டுமெனக் கட்டளை பிறந்தது.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் மிளகு பயிரிடும் குடியானவரை எண்ணும்போது என் மனம் அமைதியுறவில்லை. கைபேசியின் சிறு திரையில் பெரும்பாலும் தெரிவது, அனுப்புகிறவர் தம் இஷ்டம்போல் சூட்டிக்கொள்ளும் பெயர் மட்டுமே. டிமார்க் அப்பெயரைச் சோதிப்பதே இல்லை. நகரவாசியாயினும் மலைவாசியாயினும், ஒவ்வோர் அஞ்சலிலும் டொமைனைத் தேடிப் படித்து ஐயம் தெளிய வேண்டுமென்பது தர்மமாகாது. அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியவர்கள் அனுப்பும் வங்கிகளும் அஞ்சற்பெட்டி நடத்தும் நிறுவனங்களுமே. வங்கிகள் தம் டிமார்க் விதியை வெறும் கண்காணிப்பில் நிறுத்தாமல் நிராகரிப்பு வரை கொண்டுசெல்லட்டும். கைபேசிச் செயலிகள் பெயருக்கு அருகிலேயே முழு விலாசத்தையும் காட்டட்டும். வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தம் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்தாக வேண்டுமெனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வகுத்த ஒழுங்குமுறையை வரும் வாரம் ஆராய்வோம்.