பழைய சீரியல் கேபிளைத் தூக்கிப் போடாதீங்க!

மைக்ரோகன்ட்ரோலர் கிட்டை லேப்டாப்போடு இணைக்க, யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று நம்மில் பலரிடம் இருக்கும், பெரும்பாலும் சீனியர் கொடுத்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் நீங்களும் விண்டோஸ் 11-க்கு மாறியிருப்பீங்க. மாறிய பிறகு கேபிளைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ, காம் போர்ட்டைக் காணோம்! கேபிள் போச்சுன்னு முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்க.

முதலில் உள்ளே என்ன சிப் என்று பாருங்கள். அந்த மஞ்சள் வரியை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போங்க. வெண்டர் ஐடி 067பி, ப்ராடக்ட் ஐடி 2303 என்றிருந்தால் அது தைவானின் ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப், அல்லது அதன் போலி. பிரச்சினையே அந்தப் போலியில்தான். சந்தையில் போலி சிப்கள் பெருகியதால், பழைய எச்எக்ஸ்ஏ ரகத்தையும் போலிகளையும் புது ட்ரைவர் ஏற்பதில்லை. சிப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் '2012-லிருந்து நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று ஆங்கிலத்தில் வரும். இல்லையென்றால் கோட் 10 பிழை வரும். நேற்று வரை ஓடிய கேபிள் என்றால் மின்சார ரீதியாக அதில் ஒரு குறையும் இருக்காது. வாட்ச்மேன் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

ஆக, பழைய வாட்ச்மேனைக் கூப்பிடணும். 2010-இல் வந்த 3.3.11.152 பதிப்பு ட்ரைவர் பலருக்கும் கைகொடுக்கிறது. கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு 'ட்ரைவர் அப்டேட்டர்' தளத்தில் இறக்காதீங்க. வேண்டாத சாமான் எல்லாம் சேர்ந்து வரும். கேபிளோடு வந்த குட்டி சிடியைத் தேடுங்க. அல்லது கேபிள் ஒழுங்காக ஓடும் பழைய விண்டோஸ் 10 மெஷினிலிருந்து பிஎன்பியூடில் கட்டளையால் ட்ரைவரை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் எடுத்துக்கலாம். பிறகு அப்டேட் ட்ரைவரில் ஆட்டோமேட்டிக் பக்கமே போகாமல், 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் தேர்வை அழுத்திப் பழைய பதிப்பை நீங்களே தேர்ந்தெடுங்க. பட்டியலில் இல்லையென்றால் ஹேவ் டிஸ்க் மூலம் பென்டிரைவைக் காட்டுங்க.

வேலை செய்கிறதா என்று பார்க்க கிட்டே வேண்டாம். ஒன்பது பின் கனெக்டரில் 2, 3-ஆம் பின்களை ஒரு ஜம்பர் ஒயரால் இணைத்து, புட்டியில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' ஆக்கிட்டு ஏதாவது டைப் பண்ணுங்க. அடித்த எழுத்து திரும்பி வந்தால் கேபிள் உயிரோடு இருக்கு.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. பிஎல்2303 ட்ரைவர் கெர்னலோடே வருகிறது. உபுண்டுவில் பெர்மிஷன் பிழை வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாங்க.

பழைய பிரிண்டர், ஸ்கேனருக்குக் காரணம் வேறு. பிசிக்கான விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் ட்ரைவர் மட்டும் உள்ள சாதனம் அதில் ஓடாது. பழைய ஸ்கேனர்கள் பலவற்றை லினக்ஸின் சேன் மென்பொருள் இன்னும் ஓட்டுகிறது, முயன்று பாருங்கள்.

இன்னொன்று. இந்தக் கேபிள்களில் பொதுவாகத் தனி சீரியல் எண் இருக்காது. அதனால் வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக நினைத்து, புது ட்ரைவரையும் வேறு காம் எண்ணையும் கொடுத்துவிடலாம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இது நடக்கும். வேலை செய்த ஓட்டையின் பக்கத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி, காம் எண்ணை எழுதி வைங்க. ரிவ்யூ அன்றைக்குக் காலையில் மட்டும் அப்டேட் கொடுக்காதீங்க.