மாணாக்கரும் கக்ஷிக்காரரும்

சட்டக் கலாசாலைகளில் கற்பனை வழக்கை வைத்து மாணாக்கர் வாதாடுவது நாவுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே தோற்றவனுக்காக எவரும் சிறையிலிருப்பதில்லை. மனித உரிமைச் சட்டத்தை அவ்விதம் கற்றுவிடலாமென்று நாம் நம்பவில்லை.

அமெரிக்காவில் யேல் ஸர்வகலாசாலை மாணாக்கர் 1992-ல் மேற்கொண்ட வழக்கைக் கவனியுங்கள். ஹெய்தி தேசத்தில் 1991-ல் ராணுவம் ஆட்சியைப் பறிக்கவே, ஜனங்கள் படகேறி ஓடினர். அவர்களை நடுக்கடலில் மறித்த அமெரிக்க அரசாங்கம் பலரைக் குவாண்டனாமோ முகாமில் வைத்தது. அடைக்கலம் கோர நியாயமுண்டென்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டவர்களிலும், எச்.ஐ.வி. தொற்றியிருந்தவர்கள் முள்வேலிக்குள்ளேயே கிடந்தனர். இவர்களுக்காக மாணாக்கர் இரவுபகலாகச் சட்டங்களைத் துருவி மனுக்கள் தயாரித்தனர். முகாமுக்கும் சென்று கக்ஷிக்காரரைக் கண்டனர்.

மனிதரின் கதியைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் கோர்ட்டில் பொறுப்பேற்று நின்றவர்கள் ஆசிரியர் ஹெரால்ட் கோவும் வக்கீல் மைக்கேல் ராட்னரும். இம்மேற்பார்வையின்றேல் அது கல்வியன்று. ஏழைகளின்மேல் நடத்தும் பரீக்ஷை.

1993 ஜூன் 8-ல் நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்ஸன் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டார். அதே மாதம் 21-ல், நடுக்கடலில் மறித்துத் திருப்பியனுப்புவதைப் பற்றிய மற்றொரு பகுதியில், சுப்ரீம் கோர்ட்டு எட்டுக்கு ஒன்றாகப் பாதகமான தீர்ப்பளித்தது.

சட்டத்தின் வளர்ச்சியா, கக்ஷிக்காரரின் நலமா என்ற வினா பிறகு எழுந்தது. எந்த வினாத்தாளும் அதை இவ்வளவு கூர்மையாகக் கேட்டிராது. ஜான்ஸன் தீர்ப்பு பின்வரும் அகதிகளுக்கு ஆயுதமாயிருக்கக்கூடியது. அரசாங்கம் அப்பீலைக் கைவிட வேண்டி, அத்தீர்ப்பையே ரத்துசெய்யச் சம்மதித்து 1994-ல் ராஜி செய்துகொண்டனர்.