கையொப்பத்திற்கு முன்

1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நோக்கிப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் சென்றனர். தாம் படித்தறிய இயலாத ஒப்பந்தத்திற்கு உடன்பட்டோர் அவர்களுள் பலர்.

இன்று திருவண்ணாமலையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞருக்குச் சட்டத்தின் துணை உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவரின் கடவுச்சீட்டில், குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு பொதுவாக இடம்பெறும். அவர் 18 நாடுகளில் வேலைக்குச் செல்வதாயின், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவ்வனுமதியைப் பெறவேண்டும். அதனை வழங்குமுன் அரசு அலுவலர் வேலை ஒப்பந்தத்தை ஆராய்வார்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவருக்குப் பொதுவாக இவ்வனுமதி தேவையில்லை. ‘படித்தவர், தாமே ஆராய்ந்து கொள்வார்’ என்பது இதன் உட்பொருள். ஆகவே, ஒப்பந்தத்தை ஆராயும் பொறுப்பும் அவரையே சாரும்.

அவர் நோக்கவேண்டியவை சில. நுழைவிசைவு (விசா) வேலைக்குரியதாக இருத்தல் வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று பணிபுரிதல் குற்றமாகும். ஊதியம், பணிநேரம், தங்குமிடம், திரும்பிவரும் பயணச்செலவு ஆகியன ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். முகவர் அரசுப் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் அறியலாம். அவர் பெறத்தக்க சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் நாடலாம்.

அன்று கப்பலேறியோர்க்குக் கிட்டாத எழுத்தறிவு இன்று நம் கையில் உள்ளது. அதனைக் கையொப்பமிடுவதற்கு முன்னரே பயன்படுத்துதல் வேண்டும்.