உரிமையைத் தருபவர் யார்?

கண்டி வாவிக்கரையை விட்டுத் தென்கிழக்காக மலையேறுகின்ற பாதையிலே, சிறிது தொலைவிற்குள் அம்பிட்டிய என்னும் ஊர் வந்துவிடும். அதே பாதை மேலுஞ் சென்று தலாத்துஓயாவைக் கடந்து ஹேவாஹெட்டைத் தோட்டங்களுட் புகுகின்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் முதன்முதலாகத் தேயிலையை வாணிப நோக்கோடு பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அந்த மலைப்புறத்திலேதான் இருக்கின்றது. அப்பகுதித் தோட்டமொன்றில், 1930 ஆம் ஆண்டிலே, ஒரு லயத்துக் காம்பராவிற் பிறந்தவர் என் அம்மாயி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து, முதுமையில் அம்பிட்டியவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தம் வாழ்நாளில் அவர் கண்ட மிகப் பெரிய பட்டணம் கண்டிதான்.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவன். எனினும், சர்வதேச மனித உரிமைச் சட்டத்திலே எனக்கு எளிதில் விளங்காதிருந்த ஒன்றை விளங்க வைத்தது அம்மாயியின் தகரப் பெட்டியே. அந்தக் கதையை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லவேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

2003 ஆம் ஆண்டு. மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனத்தை வகுப்பிலே பயின்றுகொண்டிருந்தோம். 1948 டிசம்பர் 10 ஆம் திகதி, பாரிஸ் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, எதிர்ப்பு வாக்கு ஒன்றேனும் இன்றி ஏற்றுக்கொண்ட பிரகடனம் அது. உறுப்புரைகள் முப்பது. பதினைந்தாம் உறுப்புரை, யாவர்க்கும் ஒரு நாட்டினத்தவராயிருக்கும் உரிமை உண்டென்று கூறுகின்றது. வாசிக்கும்போது உள்ளம் குளிர்ந்தது. அப்பொழுது விரிவுரையாளர் ஒரு வினாவை எழுப்பினார்: "உரிமை உண்டென்று எழுதியிருக்கிறது, சரி. அதைக் கொடுக்கவேண்டிய அரசு எது என்று எங்கே எழுதியிருக்கிறது?"

நாங்கள் ஏட்டைப் புரட்டினோம். எங்கும் எழுதியிருக்கவில்லை. பெறுவோன் பெயர் உண்டு. கொடுப்போன் பெயர் இல்லை. கடன் பத்திரத்திலே கடன்பட்டவன் பெயரை எழுதாது விட்டாற் போன்றதொரு நிலை.

அன்றிரவு நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தேன். இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம், அதாவது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. பாரிசிலே பிரகடனம் பிறந்தது அதற்குச் சரியாக இருபத்தைந்து நாட்களின் பின்னர். பொதுச்சபையில் அன்று இலங்கைக்கு ஆசனமும் இல்லை. நம் நாடு ஐக்கிய நாடுகளிற் சேர்ந்தது 1955 டிசம்பரிலேதான். பாரிசில் யாவர்க்குமென்று முழங்கிய அந்த வேளையிலே, பதினெட்டு வயதுப் பெண்ணாயிருந்த அம்மாயி, தாம் நாடற்றவராகிவிட்டதை அறியாமலே மலைச்சரிவிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

சட்டம் கேட்டது இதுதான்: இந்நாட்டிற் பிறந்தவராயினும், தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும்; அல்லாவிடிற் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அம்மாயியின் தந்தை, திருச்சிச் சீமையிலிருந்து கைக்குழந்தையாகக் கொண்டுவரப்பட்டவர். ஆகவே அந்தக் கதவு அடைபட்டது. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. ஆயின், ஆண்டாண்டாக இடையறாது இங்கு வாழ்ந்ததை எழுத்திலே நிரூபிக்கும் சுமையை அது வதிவோர் தலையிலேயே ஏற்றியது. பாட்டனார் விண்ணப்பித்தார். ஓராண்டுக்குரிய சான்று போதாதென்று, ஓர் அலுவலகத்திலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது.

இச்சட்டங்கள் நீதிமன்றிலே சோதிக்கப்படாமலும் இல்லை. றுவன்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்துக் கோடகன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஏனைச் சமூகத்தினர்க்கு இல்லாத குறைபாட்டை ஒரு சமூகத்தினர்மீது சுமத்துவதைத் தடுத்திருந்தது. அதனையே வழக்காளர் சுட்டினார். 1953 இல் வந்த தீர்ப்பு அவருக்குப் பாதகமாயிற்று. தன் பிரசைகள் யாவரென வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான கடமையே. இது பிரசாவுரிமை பற்றிய சட்டமேயன்றி ஒரு சமூகத்துக்கு எதிரான சட்டமன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வாசகத்திலே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது உண்மைதான். அதன் பாரத்தைச் சுமந்தவர் யாரென்பதை அறிய, ஹேவாஹெட்டைப் பாதையில் ஒருமுறை நடந்தாற் போதும்.

இரண்டாண்டுகள் கழித்து, 1955 இல், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்று வேறொரு வழக்கிலே தீர்ப்பளித்தது. ஜெர்மனியிற் பிறந்த நொட்டபோம் என்னும் செல்வர், மத்திய அமெரிக்காவின் குவாட்டமாலாவில் வாணிபமும் தோட்டமுமாக முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். 1939 இல், தாம் வாழ்ந்திராத லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் பிரசாவுரிமையைப் பெற்றுக்கொண்டார். பின்னர் அந்நாடு அவருக்காகக் குவாட்டமாலாமீது வழக்குத் தொடுத்தபோது, நீதிமன்று அதனை ஏற்கவில்லை. நாட்டினத் தொடர்பு வெறுங் காகிதத்திலன்றி, வாழ்விலும் பற்றிலும் வேரூன்றிய மெய்யான பிணைப்பாக இருத்தல்வேண்டும் என்று கூறிற்று. இதனை வாசித்தபோது என் நெஞ்சம் துணுக்குற்றது. நொட்டபோமிடம் காகிதம் இருந்தது, பிணைப்பு இல்லை. எங்கள் லயங்களிலே பிணைப்பு இருந்தது, காகிதந்தான் இல்லை.

அந்த விடுமுறையில் அம்பிட்டியவுக்கு வந்ததும், அம்மாயியின் தகரப் பெட்டியைத் திறக்குமாறு வேண்டினேன். தோட்டத்துத் துண்டுகள், பாட்டனாரின் மறுப்புக் கடிதம் இவற்றின் அடியிலே துணியிற் பொதிந்து ஓர் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது.

1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 'உனக்கு எந்த நாடு?' என்று தனித்தனியே மனிதரைக் கேட்டபின் எழுந்த எண்கள் அல்ல இவை. இங்கே இடமில்லையென்ற அச்சத்தால் பாட்டனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். கண்டியிற் கடவுச்சீட்டும் கிடைத்தது. பயணத்துக்கு ஆயத்தமாகுமுன், 1984 இல், தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு பாட்டனாரும் கண்மூடினார்.

கடவுச்சீட்டைப் புரட்டினேன். ஒரு முத்திரையேனும் இல்லை. தாள்கள் வாங்கிய நாளிற்போலவே வெறுமையாயிருந்தன. காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அந்த நாட்டைப் பார்க்க ஆசையில்லையா, அம்மாயி?" என்றேன்.

"எங்க ஐயாவே அதைச் சரியாப் பார்த்ததில்ல, கண்ணு. எனக்கு என்ன ஆசை வரும்?" என்றார்.

2003 அக்டோபரிலே பாராளுமன்று, இந்திய வமிசாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்பவரும் அவர் சந்ததியினரும் இலங்கைப் பிரசைகளாகலாம். கடவுச்சீட்டு வைத்திருப்போர் தம் விருப்பைத் தெரிவித்து ஒரு பிரகடனம் செய்தாற் போதும். அவ்வாண்டு இறுதியிற் பத்து நாட்கள் நடந்த இயக்கத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் பயனடைந்தனர். வகுப்பிலே விடை காணாதிருந்த வினாவுக்கு அங்கே விடை கிடைத்தது. கொடுக்கவேண்டிய அரசு, 'நானே' என்று எழுத்திலே ஒப்புக்கொண்டது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

உலகச் சட்டமும் இக்குறையை உணராமலில்லை. நாடற்றநிலையைக் குறைப்பதற்கென 1961 இல் எழுந்த உடன்படிக்கை, வேறெந்த நாட்டினத்தையும் பெறமுடியாத குழந்தைக்கு, அது பிறந்த மண்ணின் அரசே உரிமை தரவேண்டுமென்று விதித்தது. கொடுப்போன் பெயரை எழுதிய பின்னரே உரிமைக்கு உயிர் வருகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. மனித உரிமைச் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: 'யாவர்க்கும்' என்னுஞ் சொல்லைக் காணும்போதெல்லாம், தரவேண்டியவர் யார், நிரூபிக்கவேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களையுங் கேளுங்கள்.

அம்மாயியின் பிரகடனத்தை நானே நிரப்பினேன். சமாதான நீதவானின் முன்னிலையில், நடுங்கும் விரலை மையிலே தோய்த்துப் பெருவிரலடையாளம் இட்டார். வெளியே வந்ததும், "இனிமே நான் இந்த ஊர்க்காரியா?" என்று கேட்டார்.

"ஆமாம், அம்மாயி."

"அப்போ இவ்வளவு நாளும்?"

சட்டப் பட்டத்துக்கு இரண்டாண்டு படித்திருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து, பஸ் தரிப்பிடத்துக்கு அழைத்துச் சென்றேன்.